கொங்கு மலைகளில் பாறை ஆய்வு முகாம்: விடிந்தது முதல் விளக்கணைப்பது வரை

நிலவியல் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாறையை எப்படி அடையாளம் காண்பது என்று கல்லூரியில் சொல்லித் தந்துவிடுகிறார்கள். மலைமேல் பத்துப் பதினைந்து நாள் எப்படி இருப்பது, எதைச் சாப்பிடுவது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை யாரும் பாடமாக நடத்துவதில்லை. ஆனால் முகாமில் வீணாகிற நாட்களை எண்ணிப் பாருங்கள். பாறை புரியாமல் வீணான நாள் குறைவாகத்தான் இருக்கும். தண்ணீர் தீர்ந்து பாதி வழியில் திரும்பியது, குதிகாலில் கொப்புளம், வயிற்றுப்போக்கு, முந்தின நாள் குறிப்பை எழுதாமல் விட்டு அதே ஓடைக்கு மறுபடியும் இறங்கியது என்றுதான் நாட்கள் கரையும். அதனால் இங்கே பாறையைவிட நாளைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

கொல்லிமலை, சேர்வராயன் மலை, பர்கூர், சத்தியமங்கலம், ஆனைமலை ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது இது. முதுகலை மாணவர்களும், ஆராய்ச்சிக்காகச் சொந்தமாக முகாம் போடுகிறவர்களும் அப்படியே பின்பற்றலாம்.

1. எந்த மலை, எந்த மாதம்

முதல் முறை போகிறவர்களுக்குக் கொல்லிமலைதான் என் பரிந்துரை. மேலே ஊர்கள் உண்டு, பஸ் உண்டு, சோளக்காடு என்ற ஊரில் சந்தை உண்டு. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அங்கங்கே சாலைக்காக வெட்டிய பாறை வெட்டவெளியாக நிற்கும். கீழே சார்னோகைட் என்ற கடினமான கரும்பச்சைப் பாறை, உச்சியில் பாக்சைட் (அலுமினியத் தாது) கலந்த செம்புராங்கல் என்று ஒரே ஏற்றத்தில் பார்த்துவிடலாம். வளைவுகளுக்கு எண் பலகை இருப்பதால், குறிப்பேட்டில் "43ஆம் வளைவு, மேல்புறம்" என்று எழுதினாலே இடம் நிச்சயமாகிவிடும். சனி, ஞாயிறு மட்டும் அந்தச் சாலைப் பக்கம் போக வேண்டாம். பைக்கில் வருகிறவர்கள் வளைவில் உங்களை எதிர்பார்க்க மாட்டார்கள்.

பர்கூரும் சத்தியமங்கலமும் யானைக் காடு, அதற்கான முன்னேற்பாடு வேறு. ஆனைமலையின் மேல்பகுதிகளில் மழை, அட்டை, அனுமதி என மூன்று தொல்லைகள். குழுவில் பாதிப் பேர் புதியவர்கள் என்றால் மலைக்குப் போகும் முன் சமவெளியில் இரண்டு நாள் பழகுங்கள். காங்கேயம் பக்கம் சிவன்மலையைச் சுற்றி நெஃபலின் சயனைட் (nepheline syenite) என்ற பாறை கிடக்கிறது. அதிலுள்ள கனிமங்களில் நெஃபலின் சீக்கிரம் கரைந்து குழி விழும், ஃபெல்ட்ஸ்பார் மேடாக நிற்கும்; கையால் தடவிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். கோயில் இருக்கும் குன்றில் சுத்தியலை எடுக்காதீர்கள், சுற்றுப்பக்கக் காடுகளிலேயே போதுமான பாறை உண்டு. சேலம் சாக் ஹில்ஸும் நல்ல இடம். பெயரை நம்பிச் சுண்ணக்கல் என்று எழுதிவிட வேண்டாம், அந்த வெள்ளை நரம்புகள் மேக்னசைட். நீர்த்த அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் கால்சைட் உடனே பொங்கும். மேக்னசைட் குளிர்ந்த அமிலத்துக்கு அசையாது.

மாதம் என்றால் ஜனவரி, பிப்ரவரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறைப் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொல்லிமலை, சேர்வராயன் பக்கம் வடகிழக்கு மழை. பிப்ரவரி கடைசியில் புல் காய்ந்துவிடும், அப்புறம் காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு, இந்த மாதங்களில் வனத்துறை கெடுபிடி காட்டுவதில் நியாயம் இருக்கிறது. மார்ச் வரை இழுக்காமல் இறங்கிவிடுங்கள்.

2. கடிதங்கள்

அலுப்பான வேலைதான், இருந்தாலும் மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரிடம் விண்ணப்பம். சரணாலயமோ புலிகள் காப்பகமோ என்றால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி வேண்டும். சீனியர்கள் சொல்வதை அப்படியே நம்பக் கூடாத இடம் இது. சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமானது. பர்கூர் மலைக்காடு 2024இல் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயத்தில் சேர்ந்துவிட்டது. முன்பு ரேஞ்சரிடம் வாய்மொழியாகக் கேட்டுப் போன வழியில் இன்று கடிதம் இல்லாமல் கால் வைக்க முடியாது.

விண்ணப்பத்தில் "பாறை மாதிரி எடுப்போம், ஒவ்வொன்றும் இத்தனை கிலோ, மொத்தம் இத்தனை" என்று தெளிவாக எழுதுங்கள். நடக்க அனுமதி வாங்கிவிட்டு மூட்டை நிறையக் கல்லோடு செக்போஸ்ட்டில் நின்றால் பதில் சொல்ல முடியாது. கடிதத்தை நான்கு நகல் எடுங்கள். ஒன்று வனச்சரக அலுவலகத்துக்கு, ஒன்று ஊராட்சித் தலைவருக்கு, ஒன்று காவல் நிலையத்துக்கு, ஒன்று உங்கள் பையில். திம்பம் மலைச்சாலை வழியாகப் போகிறவர்கள் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டியைக் கிளப்புங்கள்.

3. வரைபடத்தை மேசையிலேயே நடந்து பாருங்கள்

இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில் கொல்லிமலையும் சேர்வராயனும் 58 I எண் தாளுக்குள் வரும். பர்கூர், சத்தியமங்கலம் 58 E. ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவுள்ள டோபோஷீட்டில் (மேடுபள்ளம் காட்டும் அந்த வரைபடத் தாளில்) ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரை கிலோமீட்டர். கான்டூர் (சம உயரக்) கோடு ஒவ்வொன்றுக்கும் இருபது மீட்டர் உயரம். நீங்கள் போட்ட வழியில் எத்தனை கோடு வெட்டுகிறது என்று எண்ணி இருபதால் பெருக்கினால் அன்றைய ஏற்றம் தெரியும். சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது மலையேறிகளின் பழைய கணக்கு. பாறையைப் பார்த்துக்கொண்டே உண்ணிச்செடிப் புதரில் நுழைந்து போகிறவனுக்கு அது பொருந்தாது, இரண்டு மடங்காக்கிக் கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் ஒழுங்காகப் பார்த்து முடித்தால் நல்ல வேலை.

மோயாறு, பவானி வெட்டுமண்டலங்களை (பாறை நசுங்கி நகர்ந்த பட்டைகளை) ஒட்டிய பகுதிகளில் பாறையின் வரிகள் ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடும். அதனால் நடை வடக்கு தெற்காக இருக்க வேண்டும். வரியோடு சேர்ந்து நடந்தால் நாள் முழுக்க ஒரே பாறைதான். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பலரை அலைக்கழிப்பது. பழைய டோபோஷீட்டுகள் எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவை அடிப்படையில் வரைந்தவை, கைப்பேசி காட்டும் ஜிபிஎஸ் வேறு அடிப்படை. மாற்றாமல் புள்ளி வைத்தால் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி விழும். ஓடையில் நின்றுகொண்டு மேட்டில் இருப்பதாக வரைந்துவிடுவீர்கள். புதிய வரைபடத் தாள் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

மேட்டுச் சமவெளியில் தங்குகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். காலையில் உற்சாகமாகச் சரிவில் இறங்கிவிடலாம். பிற்பகல் வெயிலில், கல் மூட்டையோடு, அதே சரிவை ஏற வேண்டி வரும். கீழ்ச்சரிவு வேலையை மட்டும் தனியாக ஒதுக்கி, சேந்தமங்கலம் மாதிரி அடிவார ஊரில் இரண்டு நாள் தங்கி முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

4. பையில் என்ன

கருவிகள் எல்லாருக்கும் தெரிந்தவை: பிரன்டன் காம்பஸ் (திசையும் சாய்வும் அளப்பது), பத்து மடங்கு லென்ஸ், சுத்தியல், அமிலச் சீசா, குறிப்பேடு, அளவு நாடா. சார்னோகைட் சாதாரண சுத்தியலுக்கு மசியாது. குழுவுக்கு ஒரு சம்மட்டியும் உளியும் வேண்டும், கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம். தெறிக்கிற சில்லு பிளேடு மாதிரி இருக்கும். ஒரு சுத்தியலை உளியாக வைத்து இன்னொரு சுத்தியலால் அடிப்பதை அன்றைக்கே தடை செய்யுங்கள். எஃகுச் சில்லு கண்ணில் பட்டால் முகாம் முடிந்தது.

உடையில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். நாமக்கல்லில் வியர்த்துக் கொட்டும்போது கொல்லிமலை மேலுள்ள செம்மேட்டுக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று தோன்றும், ஜனவரி விடிகாலையில் பதில் தெரியும். ஷூவை முகாமுக்கென்று புதிதாக வாங்காதீர்கள். வாங்கினால் ஒரு மாதம் முன்பே வாங்கித் தினமும் போட்டு நடங்கள். இரண்டு ஜோடி தடித்த சாக்ஸ், மாலையில் போட ஒரு ரப்பர் செருப்பு.

பெண் பிள்ளைகள் இருக்கும் குழுவில் சில விஷயங்களை வெட்கப்படாமல் முதல் நாளே பேசிவிட வேண்டும். கழிப்பறை எங்கே, வழியில் ஒதுங்க வேண்டுமானால் யார் துணைக்கு, நாப்கினை எப்படிப் பொதிந்து கீழே கொண்டு வருவது, மாதவிலக்கு நாளில் முகாமில் இருந்து மாதிரிப் பதிவு வேலை பார்க்கலாமா என்பதெல்லாம். பொறுப்பாளர் ஆணாக இருந்து இதைப் பேசாமல் விட்டால், அந்தப் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நடப்பார்கள். சிறுநீர்த் தொற்று வருவது அப்படித்தான்.

5. ஊருக்குள் நுழைவது

தங்க இடம் பெரும்பாலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் ஒரு அறை, ஊராட்சிக் கட்டடம், அல்லது வனத்துறை ஓய்வு விடுதி. எதுவானாலும் மூட்டையை இறக்கும் முன் ஊர்ப் பெரியவரைப் பார்த்துவிடுங்கள். கொல்லிமலையில் ஊர்கள் வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு என்று நாடு நாடாக இருக்கின்றன, ஊர்க்கவுண்டர் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. பர்கூர்ப் பக்கம் வீடுகளில் கன்னடம் பேசுவார்கள், சோளகர் பழங்குடியினரின் குடியிருப்புகளும் உண்டு. உள்ளூர் ஆள் ஒருவரைத் தினக்கூலிக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்வது எல்லா வகையிலும் நல்லது. கூலியை முதலிலேயே பேசி, அன்றன்றே கொடுத்துவிடுங்கள்.

கல்லைத் தட்டிக்கொண்டு வருகிறவனைப் பார்த்தால் ஊரில் இரண்டு கேள்விதான் வரும். முதலாவது:

"ஏனுங்க, தங்கம் கிங்கம் இருக்குதுங்களா?"

இது சிரித்துப் பேசுகிற கேள்வி. இரண்டாவது கொஞ்சம் தாழ்ந்த குரலில் வரும்.

"இந்தப் பக்கம் கல்லுக்குழி போடப் போறாங்களாமா? எங்க காட்டையும் அளக்கறீங்களா?"

இதற்குச் சிரித்து மழுப்பக் கூடாது. இந்த மலைகளில் பாக்சைட் எடுத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள், பயப்படக் காரணம் இருக்கிறது. உட்கார்ந்து, கடிதத்தைக் காட்டி, "இல்லீங்க ஐயா, நாங்க காலேஜுப் பிள்ளைங்க. எந்தப் பாறை எங்கே இருக்குன்னு படம் வரையறோம். உங்க காட்டுக்குள்ள கேக்காம வர மாட்டோம்" என்று சொல்லுங்கள். வரைகிற படத்தையும் விரித்துக் காட்டுங்கள். பெரியவர் விரலை வைத்து, "இந்த ஓடை இங்க வளையாதுங்க, அந்த மேட்டுக்கு அப்பால போகும்" என்று திருத்துவார். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும். வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) எங்கே கிடக்கிறது, காக்காப்பொன் (மைக்கா) எங்கே மினுங்குகிறது என்பதும் ஆடு மேய்க்கிறவர்களுக்கு அத்துப்படி. நீங்கள் மூன்று நாள் தேடுகிற பெக்மடைட் (பெரிய படிகங்கள் கொண்ட பாறை) நரம்பை அரை மணியில் காட்டிவிடுவார்கள்.

சாமிப் பாறை, கோயில் தோப்பு ஆகியவற்றைக் கேட்டு, வரைபடத்தில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுத்தியல் வேண்டாம், படம் எடுப்பதையும் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

6. அடுப்பு

காலையில் இரண்டு தடவை சமைக்க நேரம் கிடையாது. ஒரே சமையலில் காலைக்கும் மதியத்துக்கும் வேலை முடிய வேண்டும். நம் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதத்தை முகாமுக்கென்றே யாரோ கண்டுபிடித்ததாகத்தான் நினைக்கிறேன். எட்டுப் பேருக்கு வேளைக்கு ஒரு கிலோ அரிசி, கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துவரம்பருப்பு. குக்கரில் கடலை எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் கை நிறைய, தக்காளி, மஞ்சள், தேங்காய் இருந்தால் கொஞ்சம். தண்ணீரைச் சற்றுக் குறைத்தே வையுங்கள், குழைந்தால் மதியத்துக்குள் புளிக்கும். ஆற விட்டு டப்பாவில் அடைத்து, ஊறுகாய் ஒரு மூலையில். மூடியைச் சூட்டோடு மூடக் கூடாது.

குக்கர் ஏன் என்றால், உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். முந்நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். கொல்லிமலை மேல் 96 டிகிரி பக்கம் கொதிக்கும், ஊட்டி உயரத்தில் 93. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகக் காத்திருந்தால் கேஸும் காலையும் போய்விடும்.

இரவுக்குச் சோறு, கொள்ளு ரசம், பச்சைப்பயறு கடைசல். சந்தை நாளில் மலை வாழைப்பழம் ஒரு தாறு, பலாக் காலமாக இருந்தால் பலா. பையில் எப்போதும் நிலக்கடலையும் கருப்பட்டியும் இருக்கட்டும். பிஸ்கட்டை நம்பி நடப்பவர்கள் மூன்று மணிக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் ஒருவருக்கு மூன்று லிட்டர், கொதிக்க வைத்து ஆற்றியது. ஓடைத் தண்ணீர் பளிங்காக இருந்தாலும் மேலே மாடு மேய்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

7. காலை

ஐந்தரைக்கு எழுந்தால் ஏழு மணிக்குக் கிளம்பலாம். மலைமேல் பனிமூட்டம் விலக எட்டு, ஒன்பதுகூட ஆகும், யானைக் காட்டில் அதற்கு முன் கிளம்பவும் கூடாது. கிளம்பும் முன் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: யார் யார், எந்த ஓடை வழியாக எங்கே, எத்தனை மணிக்குத் திரும்புவோம், வராவிட்டால் எத்தனை மணிக்குத் தேட வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் அந்தத் தாள்தான் போன். எந்த மேட்டில் சிக்னல் கிடைக்கும் என்று உள்ளூரில் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் கண்டக்டரைப் பழகி வைத்துக்கொள்வதும் உதவும். கீழே சேதி சொல்ல அவரைவிட உறுதியான ஆள் கிடைக்க மாட்டார்.

தனியாக யாரும் போகக் கூடாது. இரண்டு பேரும் போதாது, மூன்று பேர் வேண்டும். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் கூட இருக்க, ஒருவர் ஆள் கூப்பிட.

8. பாறை முன்னால்

பாறையைப் பார்த்தவுடன் சுத்தியலைத் தூக்காதீர்கள். முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். அது தாய்ப்பாறையா, மேலிருந்து உருண்டு வந்த குண்டா? சார்னோகைட் வெங்காயம் உரிகிற மாதிரி அடுக்கடுக்காகச் சிதைந்து உருண்டைக் கற்களை விட்டுவைக்கும். ஓர் உருண்டைமேல் காம்பஸை வைத்து அளந்து, அதை வரைபடத்தில் ஏற்றுகிறவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார்கள். சுற்றிலும் நாலைந்து இடத்தில் ஒரே திசை காட்டுகிறதா என்று பார்த்தாலே உருண்டு வந்ததைப் பிடித்துவிடலாம்.

அப்புறம் உடையுங்கள். வெளியே காவி நிறத் தோல், உள்ளே எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சை, குவார்ட்ஸ்கூட நீலம் பாய்ந்து தெரிந்தால் அது சார்னோகைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருந்த கல்லை ஆராய்ந்து தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பெயரை வைத்தார். அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது; அதே குடும்பத்துப் பாறைமேல்தான் சேர்வராயனும் கொல்லிமலையும் நிற்கின்றன.

ஒவ்வொரு இடத்திலும் எழுத வேண்டியவை: எண், நேரம், இடம், பாறை, கனிமம், ஸ்ட்ரைக் (பாறை அடுக்கு ஓடும் திசை), டிப் (அது சாயும் கோணம்), பக்கத்துப் பாறையோடு எப்படிச் சேர்கிறது, ஒரு கோட்டோவியம், படம் எடுத்த எண். ஓவியம் அழகாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் கட்டாயம் வேண்டும். கைப்பேசிப் படத்தில் நிழலும் பிளவும் ஒன்றுபோலத் தெரியும். கையால் வரையும்போது எது முக்கியம் என்று மூளை முடிவெடுத்துவிடுகிறது.

காம்பஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் பகுதியில் காந்த விலக்கம் (முள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) மேற்கே ஒன்று, இரண்டு டிகிரிதான், பெரிய தொல்லை இல்லை. ஆனால் சேலம் கஞ்சமலை மாதிரி மேக்னடைட் குவார்ட்சைட் (இரும்புத் தாதுப் பாறை) உள்ள இடத்தில் முள் தன் இஷ்டத்துக்கு ஆடும். ஓர் இடத்தில் நின்று தூரத்து மரத்தைப் பாருங்கள், பின் மரத்தடிக்குப் போய்த் திரும்பப் பாருங்கள். இரண்டு அளவுக்கும் 180 டிகிரி வித்தியாசம் வரவில்லை என்றால் முள் பொய் சொல்கிறது. அங்கே ஜிபிஎஸ் புள்ளிகளை வைத்துத் திசை கணக்கிடுவதே வழி. சுத்தியலைக் காம்பஸ் பக்கத்தில் வைத்துவிட்டு அளப்பதும் இதே தவறுதான்.

9. ஓடையும் யானையும்

மேட்டில் மண் மூடியிருக்கும். நல்ல பாறை, கழுவித் துடைத்ததாக, ஓடையில்தான் கிடைக்கும். யானைக்கும் ஓடைதான் வேண்டும். சத்தியமங்கலம், பர்கூர்ப் பக்கம் வேலை பார்ப்பதில் பாதிச் சாமர்த்தியம் இந்த ஒரு விஷயத்தைச் சமாளிப்பதுதான்.

வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர் கூட வராமல் ஓடையில் இறங்க வேண்டாம். அவர் நில் என்றால் நிற்க வேண்டும். "இந்த ஒரு பாறை மட்டும் அண்ணா" என்று கெஞ்சக் கூடாது. ஈரச் சாணம், புதிதாக முறிந்த மூங்கில், பாறையில் சேறு உரசிய தடம், கிளை ஒடிகிற சத்தம் ஆகியவை கண்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சுத்தியல் சத்தம் கேட்டு விலகிப் போகும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. ஓடை வளைவில், தண்ணீர் இரைச்சலில், அதற்கும் நம் சத்தம் கேட்பதில்லை. எதிர்ப்படுகிற ஒற்றைக் காட்டுமாடும் சாதுவாகத்தான் தெரியும், நம்பாமல் வழி விட்டுவிடுங்கள்.

செங்குத்துப் பாறையில் மலைத்தேன் அடை தொங்கினால் அதன் கீழ் தட்டாதீர்கள், வாசனைத் திரவியமும் போட்டுக்கொள்ள வேண்டாம். வானம் மேற்கே கறுத்தாலோ, தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கிச் சருகு மிதந்து வந்தாலோ, சாமானை விட்டுவிட்டுக்கூடக் கரையேறிவிடுங்கள். மேலே பெய்த மழை கீழே சொல்லிக்கொண்டு வராது.

மூன்று மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். சுவாரசியமான பாறை எப்போதும் இரண்டே முக்காலுக்குத்தான் தென்படும், மறுநாள் வரலாம்.

10. மாதிரிக் கல்

மெல்லிய வெட்டு (நுண்ணோக்கியில் பார்க்கத் தேய்க்கும் பாறைச் சீவல்) செய்வதற்குக் கை முஷ்டி அளவு போதும், 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்ப்பதற்கு அதற்குமேல் எதற்கு? வேதியியல் ஆய்வுக்கு இரண்டு மூன்று கிலோ. சிதைந்த தோலை அங்கேயே தட்டி எறிந்துவிட்டுப் உள்ளே இருக்கும் சிதையாத கல்லை மட்டும் எடுங்கள். எண்ணைக் கல்மேலேயே மார்க்கரால் எழுதி, அதே எண்ணை ஒரு சீட்டில் எழுதித் துணிப்பைக்குள் போட்டு, பை வெளியிலும் எழுதுங்கள். மூன்று இடமும் தேவை. ஈரத்தில் ஒன்று அழியும், மூட்டையில் ஒன்று உரசிப் போகும். திசை முக்கியமான மாதிரி என்றால் பாறையில் இருக்கும்போதே ஸ்ட்ரைக் கோடும் டிப் அம்பும் போட்டுவிட்டு உடையுங்கள். கையில் வந்த பிறகு அதற்கு வழியே இல்லை.

அழகான கல் எல்லாவற்றையும் சேர்க்கிற ஆசை முதல் இரண்டு நாள் இருக்கும், முதுகு அதைத் திருத்திவிடும்.

11. மாலை

முகாமின் தரம் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில் முடிவாகிறது. குளித்து, டீ குடித்து, கால் விரல்களைப் பார்த்து முடித்ததும் எல்லாரும் ஒரே விளக்கின் கீழ் உட்கார வேண்டும். பகலில் பென்சிலால் எழுதியதை நனையாத மையால் மேலெழுதுங்கள். எழுதும்போதே "இது 12ஆம் இடமா 13ஆ?" என்ற சந்தேகங்கள் எழும். கூட வந்தவர் பக்கத்தில் இருக்கிறார், ஞாபகமும் ஈரமாக இருக்கிறது, கேட்டுத் தீர்த்துவிடலாம். மூன்று நாள் கழித்துக் கேட்டால் இருவரும் இரண்டு பதில் சொல்வார்கள்.

பிறகு புள்ளிகளை வரைபடத்தில் ஏற்றி, பாறை எல்லைகளை இழுத்துப் பாருங்கள். தெரிந்த இடத்தில் முழுக்கோடு, ஊகித்த இடத்தில் விட்டு விட்டு இழுத்த கோடு. அன்றன்று இழுத்தால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும், மறுநாள் வழி தானாக அமையும். இந்த எல்லை ஓடைக்கு மேற்கே எங்கோ போகிறது, நாளைக்கு அந்த மேட்டைப் பார்த்தால் போதும் என்று புரியும். வரைபடத்தை ஊருக்குப் போய்க் கணினியில் வரைந்துகொள்ளலாம் என்பவர்கள் கடைசியில் வெற்றிடத்தைப் பச்சை வண்ணத்தால் நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

மாதிரிப் பதிவேடு ஒருவர் பொறுப்பு. எண்ணைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் பையைத் தூக்கிக் காட்ட வேண்டும். படங்களை வேறொரு இடத்திலும் நகல் எடுத்துவிட்டு, குறிப்பேட்டுப் பக்கங்களையும் படம் பிடித்து வையுங்கள். குறிப்பேடு ஓடையில் விழுந்தால் அதுதான் மிஞ்சும்.

அதன் பிறகு சீட்டாடலாம், ஊர்க்கதை பேசலாம். இருட்டிய பின் அறையை விட்டு வெளியே போக டார்ச் கட்டாயம், காலையில் ஷூவை உதறிவிட்டுப் போடுவதும் கட்டாயம். தேள், பூரான் இரண்டுக்கும் ஷூ பிடிக்கும்.

12. உடம்பு

கொப்புளம் வரும் முன் அந்த இடம் சூடாகும். அப்போதே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள், அடுத்த பாறை வரை பொறுக்க வேண்டாம். வால்பாறைப் பக்கம் அட்டைக்குப் புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் காய வைத்த சாக்ஸ் நன்றாகவே வேலை செய்கிறது. கடித்துவிட்டால் நகத்தால் வாய்ப்பக்கத்தை நகர்த்தி எடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை விட்டிருப்பதால் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட ஒன்றுமில்லை. மாடு மேயும் காடுகளில் உண்ணி, மாலையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட காலை அசையாமல் வைத்து, ஆளைத் தூக்கிக்கொண்டு விஷமுறி மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். அது எங்கே என்று முதல் நாளே விசாரித்து, 108 வண்டி எந்த இடம் வரை வரும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

13. இங்கிருந்து இமயமலைக்குப் போகிறவர்கள்

கொல்லிமலையில் ஓடி ஏறியவர்கள் லடாக்கில் இரண்டு படிக்கு மூச்சு வாங்குவார்கள். நம் பக்கத்தில் மிக உயர்ந்த ஆனைமுடியே 2695 மீட்டர்தான். லே ஊரே 3500 மீட்டர். உயர நோய் பொதுவாக 2500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும் என்பதால் அதைப் பற்றி நமக்கு அனுபவமே இருக்காது. விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாளாவது சும்மா இருக்க வேண்டும். 3000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. தலைவலி, வாந்தி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. தடுமாற்றமோ, படுத்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும், இரவானாலும் சரி. இளவயது, உடற்பயிற்சி எதுவும் இதற்குக் காப்பல்ல. தடுப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்டே எடுங்கள். அங்கே தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதிக்கும், குக்கரை மறந்துவிட்டுப் போகாதீர்கள். மற்றபடி கதவில் ஒட்டும் தாளும், மூன்று மணித் திருப்பமும், மாலை இரண்டு மணி நேரமும் அங்கேயும் அப்படியேதான்.

14. இறங்கும் நாள்

கடைசி நாளில் மலைக்குப் போக வேண்டாம். மாதிரிகளைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, செய்தித்தாளில் சுற்றி, சாக்கில் கட்டுங்கள். ஒரு சாக்கு இருபது கிலோவுக்கு மேல் வேண்டாம், பஸ் மேல் ஏற்றுகிறவரும் மனிதர்தான். செக்போஸ்ட்டில் அனுமதிக் கடிதத்தையும் மாதிரிப் பட்டியலையும் சேர்த்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். தங்கிய அறையைக் கழுவி, பிளாஸ்டிக் குப்பையை உங்கள் மூட்டையிலேயே எடுத்துக்கொண்டு, சாவியைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஊருக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மலைக்காட்டில் தங்கியதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் என்று நம் ஊரில் சொல்லும் ஸ்க்ரப் டைஃபஸ் புல்வெளிகளில் இருக்கிறது. சொன்னால்தான் அதற்கான பரிசோதனை எழுதுவார். படம் முடிந்ததும் ஒரு நகலை ஊராட்சிக்கும், ஒரு பக்க அறிக்கையை வனச்சரக அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். அடுத்த வருடம் உங்கள் ஜூனியர்கள் அனுமதி கேட்டு அதே மேசைக்கு முன்னால்தான் போய் நிற்பார்கள்.